சண்டிலிப்பாய்க்குப் போன பிணைச்சல் வேலை

லப்டொப் திருத்தும் இடத்துக்கு அதிகம் வரும் பழுது எது என்று கேட்டால் பலர் பற்றரி என்பார்கள். சிலர் தேநீர் ஊற்றுப்பட்ட கீபோர்ட் என்பார்கள். என்னைக் கேட்டால் பிணைச்சல் என்பேன். கதவுக்கு இருப்பது போலவே லப்டொப்பின் திரையையும் அடிப்பாகத்தையும் சேர்த்துப் பிடிக்க இரண்டு பக்கமும் சின்னப் பிணைச்சல்கள் இருக்கின்றன. பிணைச்சல் இரும்பு. அதைத் தாங்கி நிற்பது பிளாஸ்டிக். நாளாக நாளாக இரும்பு இறுகும், பிளாஸ்டிக் வெடிக்கும். ஒருநாள் மூடியைத் திறக்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அநேகமாக அது உத்தரவாதக் காலம் முடிந்த பிறகுதான் கேட்கும்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் என்னோடு வேலை செய்தவர்கள் தங்கள் தொலைபேசிக் குழுவில் என்னை வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒருவர் புது மாதிரி லப்டொப் ஒன்றின் படத்தைப் போட்டிருந்தார். ஸ்குரு ஒன்றும் இல்லை, எல்லாம் பசையால் ஒட்டியிருந்தது. பிணைச்சல் உடைந்தால் மேல் பாகம் முழுவதையும் எறிந்துவிட்டுப் புதிதாக வாங்க வேண்டுமாம். ‘புவனாக்கா, நீங்கள் செய்ததிலை கஷ்டமான பிணைச்சல் வேலை எது?’ என்று கீழே கேட்டிருந்தார்கள். இரண்டு வரியில் பதில் எழுதத் தொடங்கினேன். முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் நெல்லியடியில் பிறந்து வளர்ந்தவள். தொழில்நுட்பக் கல்லூரியில் வானொலி திருத்தப் படித்தேன். படித்து முடித்தபோது யுத்தத்தால் ஊரில் மின்சாரம் இல்லை. கந்தோர்களில், அதாவது அலுவலகங்களில், இருந்த தட்டச்சு மெஷின்களைத் திருத்திக்கொண்டு சில ஆண்டுகளை ஓட்டினேன். பிறகு கம்பியூட்டர் வந்தது. யாழ்ப்பாண நகரில் ஒரு நிறுவனத்தின் திருத்தப் பிரிவில் சேர்ந்தேன். நெல்லியடியிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். ஓய்வு பெறும் வரைக்கும் அதே கதிரை, அதே மேசைவிளக்கு.

அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாகப் பின்னாளில் வந்தவர் விமலநாதன். என்னைவிட வயதில் நன்றாக இளையவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை சேர் என்பேன். முதல் கிழமை இருவருக்கும் அது கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது. குரலை உயர்த்தமாட்டார். கதிரையில் இருக்கவும் மாட்டார், நின்றபடிதான் வேலை. பள்ளிக்கூடப் பிள்ளை வந்தாலும் ‘நீங்கள்’ என்றுதான் கதைப்பார். வருகிறவர்களிடம் நாங்கள் எல்லாரும் ‘என்ன பழுது?’ என்று கேட்போம். அவர் கேட்பது வேறு. “இதாலை என்ன வேலை செய்யிறனீங்கள்?” என்று கேட்பார். பழுதை நாங்களே கண்டுபிடிக்கலாம், வேலையை அவர்கள் சொன்னால்தான் தெரியும் என்பது அவருடைய எண்ணம்.

இன்னொரு பழக்கம், லப்டொப்பை அவர் வாங்கித் திறக்கமாட்டார். வந்தவரையே திறக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருமுறை கணவனும் மனைவியுமாக இருவர், ஒரே ஆண்டில் அதே இடப்பக்கப் பிணைச்சல் மறுபடியும் உடைந்துவிட்டது என்று கோபமாக வந்தார்கள். எங்கள் வேலை சரியில்லை என்றார்கள். விமலநாதன் மூடியைத் திறந்து காட்டும்படி கேட்டார். கணவர் மூலையைப் பிடித்து ஒரு கையால் இழுத்துத் திறந்தார். மனைவி அவரைப் பார்த்தார். “வீட்டிலை குளிரூட்டிப் பெட்டிக் கதவையும் இவர் உப்பிடித்தான் திறக்கிறவர்” என்றார். அதன் பிறகு அங்கே கோபம் இருக்கவில்லை.

இன்னொருமுறை கீரிமலைப் பக்கத்தில் கடலோரமாக ஸ்ரூடியோ வைத்திருந்த ஒரு படப்பிடிப்பாளர் வந்தார். பிணைச்சல் இரண்டும் உப்புக்காற்றில் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. வரும் கிழமை அவருக்கு ஒரு கலியாண வீடு இருந்தது. எண்ணெய் விட்டு, சூடு காட்டி, நாள் முழுக்க மெதுமெதுவாக அசைத்து இளக்கினேன். இவையெல்லாம் நினைவில் இருக்கிற வேலைகள்தான். ஆனால் கஷ்டமான வேலை என்று கேட்டால் நான் சொல்வது சண்டிலிப்பாய் வேலையைத்தான்.

ஒரு காலை நேரம் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் வந்தார். பெயர் சரோஜினி என்றார். கையில் லப்டொப் இல்லை, தொலைபேசியில் எடுத்த படம் மட்டும் இருந்தது. கட்டிலுக்குக் குறுக்கே ஒரு சிறிய மேசை, அதன்மேல் லப்டொப். திரை பின்பக்கமாகச் சரிந்து விழாதபடி இரண்டு செங்கல்லும் ஒரு தலையணையும் முட்டுக் கொடுத்திருந்தன. இரண்டு பிணைச்சலும் மூடியிலிருந்து பிய்ந்து வெளியே தெரிந்தன. வெளிநாட்டிலிருந்து கணவரின் தமையன் அனுப்பிய லப்டொப் என்றும், உத்தரவாதம் முடிந்து அதிக நாளில்லை என்றும் சொன்னார். இன்னும் இரண்டு கடையில் கேட்டாராம். மேல் பாகம் முழுவதையும் மாற்ற வேண்டும், சாமான் கொழும்பிலிருந்து வரச் சில கிழமைகள் ஆகும், அதுவரைக்கும் மெஷினை விட்டுவிட்டுப் போங்கள் என்றார்களாம்.

விமலநாதன் தனது வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“அவர் இதாலைதான் கதைக்கிறவர்” என்றார் சரோஜினி.

அவர் கணவர் தவராசா வெங்காயமும் புகையிலையும் செய்த தோட்டக்காரர். நரம்பு நோய் ஒன்று வந்து முதலில் கை போனது, பிறகு கால், பிறகு பேச்சு. அறிவுக்கும் நினைவுக்கும் ஒரு குறையுமில்லை. முகத்தில் கண்களையும் வலது புருவத்தையும் மட்டும் விரும்பியபடி அசைக்க முடியும். லப்டொப் திரையில் தமிழ் எழுத்துகளும் உயிர்க்குறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிரும். வேண்டியது ஒளிரும்போது அவர் புருவத்தை உயர்த்துவார். திரைக்கு மேலே உள்ள கமரா அதைக் கண்டு அந்த எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். சொல் முழுமையானதும் மெஷின் வாய்விட்டுச் சொல்லும். தமிழ்நாட்டு வானொலி அறிவிப்பாளர் போல ஒரு ஆண் குரலாம். முதல் நாட்களில் வேறொரு ஆம்பிளை வீட்டுக்குள் நின்று கதைப்பது போலக் கூச்சமாக இருந்தது என்று சரோஜினி சொல்லிச் சிரித்தார்.

பிணைச்சல் விட்டதிலிருந்து திரை சரிகிறது. திரை சரிந்தால் கமராவுக்கு அவர் முகம் தெரியாது, கூரைதான் தெரியும். அதைவிட, அசையும்போதெல்லாம் திரை கறுத்துப் போகிறது. தமையனின் மகன் தூரத்திலிருந்தபடியே வேறு கமரா, வேறு திரை எல்லாம் பூட்டச் சொல்லிப் பார்த்தாராம். அந்த மென்பொருள் எதையும் ஏற்கவில்லை. வேறு லப்டொப்பில் போடுவதற்கும் அதன் அனுமதி இடம் கொடுக்கவில்லை.

கொஞ்சம் பொறுத்து ஏன் அவசரம் என்பதையும் சொன்னார். தவராசாவுக்கு விழுங்குவது கஷ்டமாகிக்கொண்டு வந்தது. சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய் ஒருமுறை ஆஸ்பத்திரியில் வைத்திருக்க வேண்டி வந்தது. வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய் வைத்தால் அதன்வழியே உணவு கொடுக்கலாம். ஆனால் மூச்சு இன்னும் பலமாக இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும், பிந்தினால் செய்ய முடியாது. டொக்டர் அடுத்த கிழமை வீட்டுக்கு வந்து முடிவு கேட்கப் போகிறார்.

எங்கள் நிறுவனத்துக்கும் விதி இருந்தது. உத்தரவாதம் முடிந்த மெஷினை வெளியே போய்த் திறக்கக் கூடாது. விமலநாதன் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்துக் கதைத்தார். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது அவர் முகத்தில் தெரியவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு, கழுத்திலிருந்த நிறுவன அட்டையைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டார். “அக்கா, நாளைக்கு நான் லீவு. உங்களை வரச் சொல்லி நான் கேக்கேலாது” என்றார். எனக்கும் லீவு மிச்சமிருக்கிறது என்றேன்.

அடுத்த நாள் காலை சண்டிலிப்பாய்க்குப் போனோம். வீட்டைச் சுற்றிச் செம்மண் தோட்டம். கிணற்றடியில் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. முன் அறையில் யன்னலோரமாகக் கட்டில். தவராசா நான் நினைத்ததைவிட மெலிந்திருந்தார். கண்கள் மட்டும் எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தன. விமலநாதன் லப்டொப்பின் பக்கம் போகாமல் அவருக்கு நேரே போய் நின்று, தன் பெயரையும் என் பெயரையும் சொன்னார். பிறகுதான் குனிந்து பிணைச்சலைப் பார்த்தார்.

நான் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். சரோஜினி அங்கே வைத்து, கேட்காமலே சொல்லத் தொடங்கினார். வெளிநாட்டிலிருக்கும் தமையன் குழாய் வைக்கத்தான் வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுக்கிறாராம். ஆனால் டொக்டரிடம் சரோஜினி வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறாராம். நோய் வருவதற்கு நெடுநாள் முன்பு, தவராசாவின் மாமா ஒருவர் குழாய்களோடு ஆஸ்பத்திரியில் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்து, எனக்கு ஒருநாளும் இப்படிச் செய்யாதே என்று தவராசாவே சொன்னாராம். நல்லாய்ச் சாப்பிட்ட மனிதன், இவ்வளவு பாடுபட்டபின் அதையும் ஏன் படவேண்டும் என்றார்.

அவரிடம் கேட்டீர்களா என்றேன்.

“என்னெண்டு கேக்கிறது அக்கா? இருக்கப் போறீங்களோ போகப் போறீங்களோ எண்டு ஒரு மனிசனிட்டை எப்பிடிக் கேக்கிறது?”

தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு அறைக்கு வந்தேன்.

விமலநாதன் எனக்குத் திரையின் அடியைக் காட்டினார். திரைக்குப் போகும் கம்பி பிணைச்சலுக்கு ஊடாகத்தான் போகும். பிய்ந்த இரும்பு அதை உரசி உரசி மேலுறை போய், உள்ளே மயிர்போன்ற இழைகள் தெரிந்தன. இரண்டொன்று அறும் தறுவாயில் இருந்தன. இந்த மாதிரிக்கு மாற்றுக் கம்பி எங்களிடம் இல்லை. நான் சரோஜினிக்கு அதை விளக்கத் தொடங்கினேன். விமலநாதன் என் கையை மெல்லத் தொட்டு நிறுத்திவிட்டு, கட்டிலின் முன் போய் நின்றார். சரோஜினியைத் திரையை நேராகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

“அண்ணை, உள்ளுக்கை கம்பி தேய்ஞ்சு போச்சு. திறந்தால் நல்லாவும் வரலாம், திறக்கேக்கை அறுந்தும் போகலாம். அறுந்தால் வேறை கம்பி வருமட்டும் நீங்கள் கதைக்கேலாது. திறக்காமல் விட்டால், ஆராவது இப்பிடிப் பிடிச்சபடி கொஞ்ச நாளைக்கு ஓடும். எவ்வளவு நாளைக்கு எண்டு எனக்குத் தெரியாது. என்ன செய்வம்?”

எழுத்துகள் ஒளிர்ந்துகொண்டு போயின. நாங்கள் காத்திருந்தோம். திரை ஒருமுறை கறுத்து மறுபடி வந்தது. பிறகு அந்த அறிவிப்பாளர் குரல் கேட்டது.

“திறவுங்கோ.”

நாங்கள் அசையவில்லை, ஏனென்றால் எழுத்துகள் இன்னும் சேர்ந்துகொண்டிருந்தன.

“சொல்லிச் சொல்லிச் செய்யுங்கோ.”

மெஷினை நிறுத்தினோம். இனி அவரிடம் குரல் இல்லை. புருவத்தை ஒருமுறை உயர்த்தினால் ஓம், கண்ணை இறுக மூடினால் இல்லை என்று விமலநாதன் அவரோடு பேசி வைத்துக்கொண்டார். அவர் பார்க்கக்கூடியதாக மேசையைத் திருப்பிப் போட்டார். “அக்கா, நீங்கள் கையைப் பாருங்கோ. நான் சொல்லுறன்” என்றார்.

முதலில் பற்றரியைக் கழற்றினேன். திரையைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை மெல்லிய தகட்டால் நெம்பி எடுத்தேன். எடுத்த ஒவ்வொரு ஸ்குருவும் எந்த இடத்திலிருந்து வந்ததோ அதே ஒழுங்கில் ஒரு துணியில் வைத்தேன். விமலநாதன் ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது சட்டம் வந்துவிட்டது, இப்போது கம்பியின் முனையைக் கழற்றப் போகிறோம், இது பயமான இடம், கழன்றுவிட்டது, அறவில்லை. தவராசாவின் புருவம் ஒவ்வொரு தடவையும் எழும்பியது.

இப்படியான வேலைக்கு நாங்கள் வழக்கமாகச் செய்வது, உடைந்த பிளாஸ்டிக்கில் இரண்டு பசையைக் கலந்து பூசிப் ஸ்குரு ஏறும் பித்தளைச் சுரையைத் திரும்ப இருத்துவது. அது இறுக ஒரு நாள் வேண்டும். அவருக்கு ஒரு நாள் நீளம். அதனால் விமலநாதன் வேறு வழி யோசித்து வைத்திருந்தார். சாதாரண லப்டொப்பைத் திறந்து மூட வேண்டும். இதை ஒருவரும் மூடப் போவதில்லை, அவர் முகத்துக்கு நேராக ஒரே சாய்வில் நிற்பதுதான் இதன் வேலை. அப்படியென்றால் பிணைச்சல் அசையத் தேவையில்லை. முதல் நாள் மாலையே அலுமினிய யன்னல் செய்யும் கடையொன்றில் இரண்டு தகட்டுப் பட்டை வெட்டி, ‘ட’ எழுத்துப் போல வளைத்து எடுத்து வந்திருந்தார்.

மூடியின் பின்புறத்தில் கைத்துறப்பணத்தால் துளை போட்டேன். அது உள்ளே வழுக்கித் திரையில் பட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்பதால் திரையைக் கழற்றித் தலையணை மேல் வைத்திருந்தோம். தேய்ந்த இழைகளை மெல்லிய ஒட்டு ரேப்பால் தனித்தனியே சுற்றி, கம்பியைப் பிணைச்சலுக்குள் விடாமல் பக்கவாட்டில் வளைவில்லாமல் கொண்டுவந்தேன். பட்டைகளை மூடியிலும் அடிப்பாகத்திலும் சின்ன நட்டுப் போட்டு இறுக்கினோம். இறுக்கும் முன் விமலநாதன் கட்டிலில் அவர் தலைக்குப் பக்கத்தில் தன் தலையை வைத்துப் பார்த்து, கொஞ்சம் முன்னுக்கு, இன்னும் எப்பன் என்று சாய்வைச் சொன்னார். அழகாக இல்லை. ஆனால் அசையவில்லை.

நடுவில் நாங்கள் ஒன்றும் கேட்காமலே தவராசாவின் புருவம் எழும்பி எழும்பித் தாழ்ந்தது. ஏதாவது வேண்டுமா என்று சரோஜினி கேட்டார். தண்ணீரா, இல்லை. நோகிறதா, இல்லை. தலையணையா, இல்லை. பிறகு அவர் கண்ணை யன்னல் பக்கம் திருப்பினார். வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்துச் சரோஜினி யன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டார். அவர் கண்ணை இறுக மூடினார். எங்களுக்கு விளங்கவில்லை. விமலநாதன், கொஞ்சம் பொறுங்கோ, விரைவாய் முடிச்சுத் தாறம் என்றார்.

எல்லாவற்றையும் பூட்டி மெஷினை இயக்கினேன். விசிறிச் சத்தம் கேட்டது. திரை வரவில்லை.

சரோஜினி சுவரோடு சாய்ந்து நின்றார். விமலநாதன் மட்டும் அதே குரலில் அவருக்குச் சொன்னார்: “ஸ்கிரீன் இன்னும் வரேல்லை. ஏனெண்டு தெரியாது. பாக்கிறம்.”

நிறுத்தினேன். மறுபடி சட்டத்தை எடுத்தேன். கம்பியின் முனை ஒரு பக்கம் மயிரளவு தூக்கிக்கொண்டிருந்தது போல் தெரிந்தது. கழற்றி, துடைத்து, நேராக வைத்து விரலால் அழுத்தினேன். மீண்டும் இயக்கினேன். கறுப்பாகவே இருந்தது, இருந்தது, பிறகு வெளிச்சம் வந்தது. கமராவின் சிறிய பச்சை விளக்கு எரிந்தது. எழுத்துகள் ஒளிரத் தொடங்கின.

அவர் முதலில் என்ன சொல்லப் போகிறார் என்று மூவரும் திரையைப் பார்த்தபடி நின்றோம். புருவம் வேகமாக வேலை செய்தது. எழுத்துகள் சேர்ந்தன. அறிவிப்பாளர் குரல் நிதானமாகச் சொன்னது:

“மோட்டர் ஓடுது.”

சரோஜினி வாயில் கையை வைத்தார். நாங்கள் வருவதற்கு முன் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போட்ட மோட்டர். செருப்பும் போடாமல் கிணற்றடிக்கு ஓடினார். அவர் திரும்பி வந்தபோது பாவாடைக் கரை முழுக்கச் செம்மண் சேறு. பாத்திகளை உடைத்து வெளியே தெரு ஒழுங்கை வரைக்கும் தண்ணீர் போய்விட்டதாம். தவராசாவுக்கு முகத்தால் சிரிக்க முடியாது. ஆனால் விமலநாதனும் நானும் சிரித்தபோது அவர் புருவம் எழும்பி அப்படியே நின்றது.

நாங்கள் அன்று மதியத்துக்கு முன்பே திரும்பிவிட்டோம். குழாயைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. அது என் வேலையில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்தது.

சில கிழமை கழித்துச் சரோஜினி கடைக்கு வந்தார். பிணைச்சல் எப்படி என்று கேட்டேன். அசையவில்லை என்றார். வேறு பழுதும் இல்லை. நகருக்கு மருந்து வாங்க வந்தவர், சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். விமலநாதன் கதிரை எடுத்துப் போட்டார்.

டொக்டர் வந்த அன்று தமையனும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தாராம். டொக்டர் சரோஜினியிடம் கேட்காமல், கட்டிலின் முன் நின்று நேரே தவராசாவிடமே கேட்டாராம். குழாய் வைப்பமா என்று. சரோஜினி கட்டிலின் கால்மாட்டில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

“முதல் ‘வ’ வந்தது. பேந்து கொம்பு வந்து ‘வே’ ஆச்சுது. பேந்து ‘ண’ வந்தது. எனக்குத் தெரியும்தானே அக்கா, அவர் என்ன சொல்லப் போறாரெண்டு. ‘வேண்டாமாம் டொக்டர்’ எண்டு நான் வாயைத் திறந்திட்டன். டொக்டர் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.”

சரோஜினி மேசையிலிருந்த ஒரு ஸ்குருவை எடுத்து விரலால் உருட்டினார்.

“‘வேணும்’ எண்டது மெஷின். பேந்தும் எழுதினார். ‘எனக்கு இன்னும் இருக்க விருப்பம்.’ நான் அவரிலை இரக்கப்பட்டுத்தான் வேண்டாமெண்டு சொல்லியிருப்பன் அக்கா. முழு இரக்கத்தோடை.”

குழாய் வைத்தாயிற்று, புண் ஆறிவிட்டது என்றார். பிறகு நேரத்தைப் பார்த்துவிட்டு எழும்பினார். புகையிலை நடுகைக்கு ஆட்கள் வந்து நிற்பார்களாம், எந்த வரம்பில் தொடங்குவது என்று தவராசா சொன்னால்தான் தொடங்குவார்களாம்.